கை படாத வாட்ச்

வாட்சைத் திருப்பி அதன் முதுகில் ஊதினேன். எதிரே நின்ற ஏலக்காரர், நான் அதைத் தின்னப்போவதாக நினைத்தாரோ என்னவோ, பதறிக் கையை நீட்டினார். எஃகில் ஆவி படர்ந்த நொடியில் வழவழப்புக்கு அடியிலிருந்து எழுத்துகள் மேலே வந்தன: 'பட்டு'. உடனே மறைந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஆசையாக வெட்டிய பெயரை பாலிஷ் போட்டு மழித்துவிட்டு, விவர அட்டையில் 'கை படாதது', அதாவது ஒருமுறைகூடப் பாலிஷ் போடாதது, என்று அச்சடித்திருக்கிறார்கள்! பழைய வாட்ச் சேர்க்கும் நாங்கள் கீறலுக்கும் கறைக்கும் கூடுதலாகக் கொடுக்கிற கூட்டம்தான். "கரண்டி கீறியிருந்தா முகத்தைச் சுளிப்பீங்க, வாட்ச் கீறியிருந்தா முத்தம் குடுப்பீங்க" என்பாள் என் மனைவி. பைத்தியம்தான். அதற்காகப் பைத்தியத்தை ஏமாற்றலாமா?

"பேர் இருந்தா எவன் சார் வாங்குவான்? அழுக்கு மாதிரிதான். சுத்தம் பண்ணிட்டோம்" என்றார் ஏலக்காரர், உபகாரம் செய்தவர்போல.

அதற்குள் தோளில் ஆபீஸ் பையோடு ஒரு பெண்மணி வந்து வாட்சைக் கேட்டு வாங்கினார். டயலைப் பார்த்ததும் மலர்ந்தவர், பின்பக்கத்தைத் திருப்பியதும் வாடிப்போனார்.

"கறைகூட அதேதான்... ஆனா எங்கப்பாவோடது இல்ல. பின்னாடி என்னைக் கூப்பிடுற பேரை வெட்டியிருந்தாரு. அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டான்."

நான் வாயைத் திறக்காவிட்டால் வாட்ச் எனக்கு. ஆறு மாதமாகத் தேடிய ரகம். வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். கூட வந்திருந்த மனைவி விலாவில் இடித்தாள்.

"உங்க பேரு பட்டுவாம்மா?" என்றேன்.

அவர் சட்டென்று பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஏலம் தொடங்கியது. 'கை படாதது' என்ற ஒரே வார்த்தைக்காக நாலா பக்கமும் எண் அட்டைகள் எழும்பின. விலை ஏற ஏற, முன்வரிசையில் பட்டுவின் அட்டை தோளுக்கு இறங்கி, பிறகு மடிக்கு இறங்கியது. நான் எழுந்துவிட்டேன். என் குரல் கோபத்தில் கீச்சென்று போகும், வீரத்துக்கு லாயக்கில்லை.

"ஐயா, அது கை படாதது இல்ல. முதுகைத் தேச்சிருக்கீங்க. இல்லைன்னா எல்லார் முன்னாடியும் ஊதிக் காட்டுங்க!"

"ஊதுய்யா!" என்றது பின்வரிசை. கூடம் சிரித்தது.

ஏலக்காரர் ஊதவில்லை. "பின்பக்கம் பாலிஷ் செய்யப்பட்டது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறிவித்து, முதலிலிருந்து தொடங்கினார். கீறலை முத்தமிடும் என் கூட்டத்தின் அட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. என் கை மட்டும் அடங்காமல் துறுதுறுத்தது. பாதி விலைக்கு வரும், பாவி! மனைவி என் அட்டையைப் பிடுங்கி விசிறிக்கொள்ளத் தொடங்கினாள்.

"இங்க காத்தே வரல" என்றாள்.

பட்டு பணம் கட்டிய மேசையில் ஏலக்காரர் வெல்வெட் பெட்டியைத் திறந்து நீட்டியபடி நின்றார். என் கோபம் இன்னும் இறங்கவில்லை. அவரிடம் நாலு வார்த்தை கேட்கத்தான் பக்கத்தில் போனேன். பட்டு பெட்டியைப் பார்க்கவே இல்லை. வாட்சின் முதுகில் ஊதி, பார்த்து, அது மறைந்ததும் மறுபடி ஊதிக்கொண்டிருந்தார்.