மணப்பந்தல் வரை

மடியிலேயே இருக்கட்டும். மேசைமேல் வைத்துவிட்டால் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொடுக்கத்தானே வந்தேன்? ஆமாம், கொடுக்கத்தான். இன்னும் ஐந்து நிமிடம்.

லூசெட் வைல் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எழுபத்திரண்டு வயது, பிள்ளைகள் இல்லை. அவளைக் காரில் அழைத்துவந்த சித்தப்பா மகன் ரெனே, கீழ்த்தளத்து மரச் செருப்புகளையும் வெண்ணெய் கடையும் மத்துகளையும் பார்த்து, "உன் வயசுச் சாமானெல்லாம் இங்கதான் இருக்குக்கா" என்று கீழிருந்து கத்தினான்.

அவள் சிறுமியாக இருந்தபோது இது யூதர்களின் ஜெபக்கூடம். இப்போது ஊர் அருங்காட்சியகம். பெண்கள் அமர்ந்த மாடத்தில், கண்ணாடிப் பெட்டியில் நீளநீளமான துணிப்பட்டைகள். ஆண் குழந்தையின் விருத்தசேதனத்துக்கு விரித்த துணியை நான்காகக் கிழித்து, நீளமாக ஒட்டித் தைத்து, பெயரும் ஆசியும் பூவேலை செய்வார்கள். மூன்று வயதில் பையனே நடந்துவந்து அதை வேதச்சுருளுக்குச் சுற்றக் கொடுப்பான்.

"முப்பது இருக்கு, மதாம். எதுலயும் உங்க தம்பி பேரு இல்ல" என்றாள் காப்பாளர் மோனிக்.

"இருக்காது. அவனோடது இங்க வரவே இல்ல."

லூசெட் பையிலிருந்த துணியை எடுத்து விரித்தாள். சிவப்பு நூலில் அஷேர் என்ற பெயர், 1939இல் பிறந்த நாள், பிறகு ஆசி: இவன் வளரட்டும், வேதத்துக்கு, மணப்பந்தலுக்கு, நற்செயல்களுக்கு. மணப்பந்தல் என்ற சொல்லின் நடுவில் நூல் நின்றிருந்தது. மிச்சமெல்லாம் அம்மாவின் பென்சில் கோடு.

ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது எட்டு வயது லூசெட்டின் வேலை. போர் மூண்ட அந்தச் செப்டம்பரில் எல்லையோர ஊர்களைக் காலிசெய்யச் சொன்னதும், அம்மா ஊசியை அப்படியே குத்திச் சுருட்டி மூட்டையில் வைத்தாள். தெற்கே போன இடத்தில் அதைத் தொடவே இல்லை. ஊருக்குத் திரும்பினதும் முடிச்சுக்கலாம் என்பாள். ஐந்தாம் வருடம், லூசெட் பால் வாங்கப் போயிருந்த ஒரு காலையில், யூதர்களைப் பிடிக்க வந்தவர்கள் அம்மாவையும் அஷேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அலமாரியில் துணி இருந்தது. ஊசி துருவேறி, தன் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோட்டை அதில் விட்டிருந்தது.

"அடுத்த ஞாயிறு இந்தத் துணிகளோட கண்காட்சி திறப்பு விழா. இதத்தான் நடுவுல வைக்கப் போறோம்" என்றாள் மோனிக். "நீங்க அனுப்பின போட்டோவப் பாத்துட்டு, நம்ம தையல் கூட்டத்துப் பொம்பளைங்க மிச்சத்தத் தச்சுத் தர்றோம்ங்கறாங்க. அதே சிவப்பு நூலு கொல்மார்ல தேடி வாங்கியாச்சு. பயப்படாதீங்க, நான் ஊசியத் தொடமாட்டேன். பையன் கால்சட்டைக்கு ஒட்டுப்போடப் போயி ரெண்டு காலையும் சேத்துத் தச்சவ நான்!"

லூசெட் சிரித்துவிட்டாள்.

"அந்தத் துருக்கறையும் போயிடும், மதாம்."

சிரிப்பு நின்றது.

"ஊருக்குத் திரும்பினதும் முடிக்கலாம்னு அம்மா சொன்னாங்க."

"அதான் இப்போ திரும்பிடுச்சே" என்றாள் மோனிக், மிக மென்மையாக.

நல்லவள். நிஜமாகவே நல்லவள். ஆனால் முடிந்த துணி, வந்து சேர்ந்த பையனுடையது. முப்பத்தொன்றாவதாக வைத்துவிட்டால், பார்க்கிறவர்கள் அஷேரும் மூன்று வயதில் இந்த வாசல்படி ஏறி வந்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"இப்படியே வைக்க முடியாதா?"

"அரைகுறையா வச்சா, யாரோ சோம்பேறித்தனமா விட்டுட்டாங்கன்னு நினைப்பாங்க. உங்க அம்மாவுக்காகத்தான் சொல்றேன். ஒரு வாரம் குடுங்க, போதும்."

லூசெட் பென்சில் கோடு இருந்த முனையிலிருந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். மணப்பந்தல் உள்ளே போனது. கடைசிச் சுற்றில் அவன் பெயர் வெளிப்பக்கம் வந்தது.

"வேண்டாம், மோனிக்" என்றாள். சுருளைப் பைக்குள் வைத்து, பையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள்.