வேலை: இல்லத்தரசி

பேராசிரியர் ஷவ்கத் நம்புவது கணினியை மட்டும்தான், நோயாளி வாயால் சொல்வது அவர் காதில் ஏறாது. நான் ரஜா, அவருடைய ஆய்வுக்குப் புள்ளிவிவரம் பார்ப்பவள். நைல் டெல்டாவில் இத்தனை பேருக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்பதுதான் ஆய்வு. நானூறு நோயாளிகள், நானூறு நலமானவர்கள், ஆளுக்கு இருபத்திரண்டு கேள்விகள்.

எந்தக் காரணங்களைக் கணக்கில் சேர்ப்பது என்று உட்கார்ந்து யோசிக்கலாம் என்றேன்.

"யோசிக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் உள்ள போடுங்க. எது நிக்குதோ நிக்கட்டும்" என்றார்.

கணினி ஒவ்வொரு சுற்றிலும் பலவீனமான காரணம் ஒன்றை வெளியே தள்ளியது. நான்காம் சுற்றில் 'பூச்சிமருந்து அடிக்கும் வயலில் வேலை' போய்விட்டது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை ஆகிய நான்கும் நின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. நான் அப்படி மருந்து அடிக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவள்.

படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பெண் நோயாளிகள் இருநூற்றுப் பதினொரு பேர். அதில் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வேலை என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி'. படிவம் நிரப்பிய ஊழியன் மஹ்ரூஸைக் கூப்பிட்டேன்.

"இவங்ககிட்ட என்னன்னு கேட்டே?"

"வேலைக்குப் போறீங்களான்னு கேட்டேன், டாக்டரம்மா. இல்லைன்னாங்க. அடையாள அட்டையிலயும் அப்படித்தான் இருக்கு. கல்யாணமானவளை ரெண்டாவது தடவை கேட்டா புருஷன்காரன் செருப்பைக் கழட்டுவான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மனைவி கூலிக்குப் போகிறாள் என்பது எங்கள் பக்கத்தில் கணவனுக்கு மானக்கேடு. கூலி அவன் கைக்கு வருவதில் மட்டும் மானம் போவதில்லை.

டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். ஸனிய்யா என்ற நோயாளி கையில் ஊசியோடு படுத்திருந்தாள். வயது முப்பத்தெட்டு, சர்க்கரை கிடையாது, அழுத்தம் கிடையாது. அவள் படிவத்திலும் இல்லத்தரசிதான்.

"நோய் வர்றதுக்கு முன்னாடி, காலையில எழுந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"ரொட்டி சுடுவேன். எருமைக்குத் தீனி வைப்பேன். அப்புறம் தோட்டத்துக்குப் போனா சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் திரும்புவேன்."

"அங்க என்ன செய்வே?"

"திராட்சைக் கொத்து வெட்டுவோம். மேல மருந்து அடிப்பாங்க, நாங்க பாட்டுக்கு கீழ நின்னு வெட்டுவோம்."

"அப்ப மஹ்ரூஸ்கிட்ட ஏன் வேலை இல்லைன்னே?"

"வேலைன்னா உங்களது, டாக்டரம்மா. மேசை, நாற்காலி, காத்தாடி. இது சும்மா ஒத்தாசை." சிரித்தாள். "இப்ப என் இடத்துல என் மக மனார் போறா. அவளுக்கும் முகமெல்லாம் வீங்குது. அவளை ஒருக்கா பாக்கணும் நீங்க."

அத்தனை பெண்களிடமும், நோயாளிகள் நலமானவர்கள் இரு தரப்பிலும், மறுபடி கேட்டேன். 'காலையில் எழுந்தால் என்ன செய்வாய்' என்ற ஒரே கேள்வி. பத்து நாளில் முடித்துக் கணக்கை ஓட்டினால், தோட்ட வேலைதான் எல்லாக் காரணங்களுக்கும் மேலே நின்றது.

ஷவ்கத் தாளைத் தொடக்கூட இல்லை. "முடிவைப் பாத்த பிறகு கேள்வியை மாத்துறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"முதல் கேள்வியே தப்பு, டாக்டர்."

"அதைத் தள்ளினது நானா? கணினி தள்ளிச்சு. வேணும்னா கட்டுரையோட குறைபாடுகள் பகுதியில ஒரு வரி போட்டுக்குங்க."

விதியைச் சொல்லித்தான் வாயை அடைத்தார். அந்த விதியை நானே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால்தான் கோபம் இன்னும் தலைக்கேறியது.

அவருடைய நான்கு காரணங்களும் மாகாணச் சுகாதாரத் துறைக்குப் போயின. அடுத்த மாதமே, யாரைப் பரிசோதிப்பது என்று தீர்மானிக்கும் மதிப்பெண் அட்டை வந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை, அழுத்தம், புகை, இந்த நான்கில் ஒன்றாவது இருந்தால்தான் இலவச ரத்தப் பரிசோதனை.

முதல் வாரத்திலேயே ஸனிய்யாவின் மகள் மனார் வந்தாள். வயது பதினேழு. மஹ்ரூஸ் அட்டையைப் பார்த்துக் கேட்டான். சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை, புகை இல்லை. மொத்தம் பூஜ்யம்.

"உனக்கு ஒண்ணுமில்ல, போம்மா."

அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த வீங்கிய முகத்தோடு அவள் கிளம்பினாள். அவளை நிறுத்தி, மஹ்ரூஸ் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினேன். இருபது வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றாதவள் நான். வயது என்ற இடத்தில் எழுபத்தொன்று என்று எழுதி, நானே அவளை ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனேன்.

மறுநாள் வந்த முடிவை ஷவ்கத்தின் மேசையில் போட்டேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார்.

"கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சு" என்றார். "எழுபத்தொரு வயசு. இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? நம்ம அட்டை சரியாத்தான் சொல்லியிருக்கு."

"அவளுக்குப் பதினேழு வயசு, டாக்டர்."

அவர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவருக்கு உறைத்துவிட்டது என்று நம்பினேன்.

"அப்ப அட்டையில வயசை மாத்தினது யாரு?" என்றார்.