சைகையை மாற்றிக்கொண்ட ஊர்

கார்வர் ஃபெரி ஊரில் எமில் சிகோரா பிறருடைய கைகளைப் படிக்கத் தொடங்கியது, பைலட்ஸ் அணி கையும் களவுமாகப் பிடிபட்ட அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு. ஸ்லோவாக் கிளப்பில் பியர் குடித்தபடி டிவியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பியர் ஊற்றுகிற டாட்டி காது மடலைத் தொட்டு முழங்கையை ஒருமுறை தட்டினாள். இவள் இப்போது குவளையைக் கீழே போடுவாள் என்று எமிலுக்குத் தெரிந்தது. போட்டாள். அன்று கிளப்பில் முப்பத்தோரு பேர் இருந்தார்கள். ஆட்டம் முடிவதற்குள் அவர்களில் பத்தொன்பது பேரின் அடுத்த காரியம் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. யார் எழுந்து கழிப்பறைக்குப் போவார், யார் மனைவியிடம் பொய் சொல்லப் போன் எடுப்பார், எல்லாம். ஊரின் சொந்த அணியான ரிவெட்டர்ஸ் பதினேழு புள்ளியில் தோற்றது. அது மட்டும் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

பைலட்ஸ் செய்தது என்னவென்று அந்த ஊரில் கைக்குழந்தையும் சொல்லும். ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும் பயிற்சியாளர் எல்லைக்கோட்டருகே நின்று, மூக்கைத் தொட்டு, தொப்பியை இழுத்து, தோளைத் தட்டி, என்ன ஆட்டம் ஆடவேண்டும் என்று தன் ஆட்களுக்குக் கையால் சொல்வார். எதிரணியின் அந்தச் சைகைகளைப் பைலட்ஸ் ஓர் ஆளை ஒளித்துவைத்துப் படம்பிடித்து, அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தது. லீக் அபராதம் போட்டது, அந்த வீடியோ நாடாக்களை வாங்கி எரித்துவிட்டது. எரித்துவிட்டதால் அவற்றில் என்ன இருந்தது என்பது கார்வர் ஃபெரியில் ஒருவர் விடாமல் தெரிந்துபோயிற்று. ரிவெட்டர்ஸ் பைலட்ஸிடம் தோற்ற இரண்டு அரையிறுதிகளும் அவற்றில்தான் இருந்தன.

இந்த விஷயத்தில் ஊரிலேயே பெரிய தொண்டை எமிலுடையது. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலைகளுக்கு உப்புப் போடும் லாரியை ஓட்டுகிறவன் அவன். லாரிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவன். அவனுடைய துரதிர்ஷ்டம், மனைவி லொரெயின் பைலட்ஸ் ஊர்க்காரி. கடற்கரையிலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருடமாகியும் பைலட்ஸ் நீலக் குல்லாயைக் கழற்றவில்லை. லோகஸ்ட் தெருச் சரிவின் அடியில், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில், கையில் பலகையோடு வண்டிகளை நிறுத்துகிற வேலை அவளுக்கு. நிற்காத வண்டிகளையும் ஒரு பார்வையில் நிறுத்துவாள்.

"அறுபதாயிரம் பேர் பாக்குற எடத்துல நின்னு கையக் கால ஆட்டுறான் உங்க ஆளு. அதப் பாத்தா திருட்டாம்! மறைச்சுக்கத் தெரியலன்னா வீட்ல போய் உக்காரச் சொல்லு" என்றாள் லொரெயின்.

"கண்ணால பாக்குறது வேற, கேமரா வச்சுப் புடிக்கிறது வேற. ஒருத்தன் மனசுல இருக்கறத அவன் செய்யறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறது இருக்கே, அது அவன் பாக்கெட்டுல கைய விடுற மாதிரி" என்றான் எமில்.

"எல்லா டீமும்தான் பண்றான்" என்பான் அவனுடைய நண்பன் பட்ச், இருவருக்கும் நடுவில் புகுந்து. "மாட்டுனவன் திருடன். மாட்டாதவன் கோச்சு. நீ வேற ஏன்டா கத்துற, காது வலிக்குது."

இப்படியெல்லாம் வாய்கிழியப் பேசியவனுக்குத்தான் அந்த வரம் வந்து சேர்ந்தது. வரம் என்று நான் சொல்கிறேன், அவன் சொல்லவில்லை. சீட்டாட்டத்தை நிறுத்தினான். பாதிரியார் கையை உயர்த்தும்போது கண்ணை மூடிக்கொண்டான். யாரோடு பேசினாலும் கூரையைப் பார்த்துப் பேசினான். மனிதனுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. உண்மையில், தான் அந்த ஒளிந்திருந்த கேமராக்காரனாக ஆகிவிட்டதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

நவம்பரில் பட்ச்சின் அண்ணன் ரே, கிளப் வாசலில் நின்று பேசிக்கொண்டே தாடையைத் தொட்டு, இடது தோளை இரண்டு முறை தட்டி, இடுப்புக்கருகே கையை மூடினான். எமில் அந்தச் சைகையை அதற்குமுன் பார்த்ததில்லை, அர்த்தமும் தெரியவில்லை. வியாழக்கிழமை ரே கூரை ஓரத்துத் தகரக் குழாயில் அடைத்திருந்த சருகை அள்ள ஏணியில் ஏறி, விழுந்து செத்தான். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, தேவாலயத்தில் விதவை ஹால்கோ தாடையைத் தொட்டு, தோளை இரண்டு முறை தட்டி, கையை மூடினாள். வியாழக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. ஜனவரியில் தபால்காரர் வெண்டெல் எமிலின் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அதையே செய்தார். இந்த முறை எமிலுக்குப் புரிந்தது. வியாழக்கிழமைக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை வெண்டெல் யார் வீட்டு வாசலுக்கோ முன்னால் பையோடு சரிந்தார். அடக்கத்துக்குப் போன எமில் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தான்.

பிப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, லொரெயின் அடுப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டே தாடையைத் தொட்டாள். இடது தோளை இரண்டு முறை தட்டினாள். ஏப்ரன் கயிற்றுக்கருகே கையை மூடினாள். "சர்க்கரை வேணுமா?" என்று கேட்டாள். எமில் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அன்று அவன் லோகஸ்ட் தெருச் சரிவுக்கு ஐந்து முறை உப்புப் போட்டான். செவ்வாய்க்கிழமை ஒன்பது முறை. பனியே இல்லாத சாலை வெள்ளையாகக் கிடந்தது, நாய்கள் வந்து நக்கின. வீட்டு ஏணியை ரம்பத்தால் அறுத்துப் போட்டான். மாடிப்படிக்குக் கம்பளம் ஆணியடித்தான். கத்திகளை எடுத்துப்போய் லாரியில் வைத்தான். லொரெயின் ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம், மறுநாள் வேலைக்கு லீவு போடு என்று அவன் நாலாவது முறையாகச் சொன்னபோது, அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"எமில், எனக்கு என்ன ஆச்சுன்னு இப்ப சொல்றியா, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பட்டுமா?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். ரே, ஹால்கோ, வெண்டெல். வெண்டெல் பெயரைச் சொல்லும்போது ஐம்பத்துநாலு வயது ஆள் தேம்பினான். லொரெயின் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தித் தன் கைகளைப் பார்த்தாள், அவை வேறு யாருடையவோ போல.

"அஞ்சு மாசமா என் கையப் படிச்சிருக்க."

"வேணும்னு படிக்கல. கண்ணுல விழுந்துச்சு."

"எங்க ஆளுங்களும் அதைத்தான்யா சொன்னாங்க. நீ நம்பல." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி, இதச் சொல்லு. சைகைன்னா யாருக்கோ காட்டுறது. உனக்கு நான் காட்டல. நீ ஒளிஞ்சு பாத்தவன். அப்ப என் கை யாருக்குக் காட்டுச்சு?"

எமில் அதை ஒருநாளும் யோசித்ததில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. இருந்தாலும் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்துபோய்த் திரையை இழுத்தார்கள். அந்த வீட்டில் பயம் அவனிடமிருந்து அவளுக்குத் தாவியது அப்போதுதான்.

ஆனால் லொரெயின் பைலட்ஸ்காரி. சைகையைக் களவாடுவதில் கெட்டிக்காரர்களுக்கு, களவுபோனால் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும். "சைகை வெளிய போயிடுச்சுன்னா மாத்தணும். மூணு பேரு நின்னு ஆளுக்கொரு மாதிரி கையாட்டணும். ரெண்டு பேரு சும்மா ஆட்டுவான், ஒருத்தன்தான் நெசம். எவன் நெசம்னு எதிரிக்குத் தெரியக்கூடாது. இப்ப எழுந்திரு" என்றாள். டாட்டிக்கும் போன் போட்டு வரவழைத்தாள். மூன்று பேரும் சமையலறையில் நின்று, தாடைக்குப் பதில் முழங்கால், தோளுக்குப் பதில் நெற்றி, மூடிய கைக்குப் பதில் விரித்த கை என்று ஆட்டிப் பழகினார்கள். டாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. லொரெயின் முகத்தைப் பார்த்து, ஏன் என்று கேட்காமல் ஆட்டினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லொரெயின் வழக்கமான மூலையை விட்டு எதிர் மூலையில் நின்றாள். அவளோடு டாட்டியும் எமிலும் நின்று, மூன்று பேரும் பைத்தியம்போல் கையாட்டினார்கள். எட்டு பத்துக்குப் பச்சை நிறக் கார் ஒன்று லோகஸ்ட் சரிவில் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை. நம்பர் பலகையும் இல்லை. வேகமாக வந்த கார், லொரெயின் இருபது வருடமாக நிற்கும் மூலைக்கு வந்ததும் நின்றது. எஞ்சின் ஓட, பதினோரு நிமிடம் அங்கேயே இருந்தது. முன்சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின, வலப்பக்கம் திரும்பின, தப்பான சைகை கிடைத்த ஆட்டக்காரன் எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்ப்பதுபோல. பிறகு வந்த வழியே பின்னோக்கிச் சரிவில் ஏறிப் போய்விட்டது. பிள்ளைகள் சாலையைக் கடந்து வகுப்புக்குப் போனார்கள். நகராட்சிப் போலீஸ் பதிவேட்டில் இது "தவறான இடத்தில் நிறுத்திய வாகனம், எச்சரிக்கை" என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எமில் கிளப்பில் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பட்ச் பியரைக் கீழே வைத்தான்.

"என் அண்ணன் கையப் பாத்தியாடா?"

"பாத்தேன். அப்ப புரியல, பட்ச். சத்தியமா புரியல."

"வெண்டெல்?"

"வெண்டெல் கை புரிஞ்சுது."

டிவியை யாரோ அணைத்தார்கள், அந்தக் கிளப்பில் ஆட்டத்தின் நடுவே டிவி அணைந்தது அன்று மட்டும்தான். பிறகு அங்கேயே வழக்கு தொடங்கியது. பைலட்ஸைத் திருடர்கள் என்றவர்கள், எமில் கண் தானாகத்தானே பார்த்தது, அது எப்படித் திருட்டாகும் என்றார்கள். எல்லா அணியும் செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பட்ச், பார்த்ததும் திருட்டு, பார்த்துவிட்டுச் சொல்லாதது அதைவிடத் திருட்டு என்றான். சைகையை மாற்றி காரை அனுப்பிய அந்த ஆளை ஏமாற்றியது நியாயமா என்றும் ஒரு கேள்வி வந்தது. கேட்டவரே எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தார். கடைசியில் கிளப்புக்கு வர எமிலுக்கு நான்கு ஞாயிறு தடை விதித்தார்கள். மாற்றிய சைகைகளைத் தங்களுக்கும் கற்றுத்தரச் சொல்லி, அன்று சாயங்காலமே கிளப்பிலிருந்த அத்தனை பேரும் லொரெயின் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். பட்ச் கடைசி ஆள். கற்றுக்கொண்டான், எமிலோடு பேசவில்லை. மூன்றாம் வருடம்தான் பேசினான், அதுவும் உப்பு லாரி தன் வாசலை மறித்து நிற்கிறது என்று சொல்ல.

அதன்பிறகு ஒன்பது வருடமாகக் கார்வர் ஃபெரியில் யாரும் சாகவில்லை. சைகைகள் திங்கள்தோறும் மாறுகின்றன. பேசும்போது கிளப்பின் மெனு அட்டையால் வாயை மறைத்துக்கொள்கிறார்கள். கல்யாணத்தில் மணமகளோடு இரண்டு பெண்கள் நின்று சும்மா கையாட்டுகிறார்கள். சவப்பெட்டி விற்கிறவர் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோனார், விடைபெறும் விருந்து நன்றாக இருந்தது. இதையெல்லாம் பார்த்து ஊர் சந்தோஷமாக இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நூற்றுநாலு வயதுக் கிழவர்கூட வியாழக்கிழமை காலையில் திரையை விலக்குவதற்கு முன் மாதாவைக் கும்பிடுகிறார். எமிலுக்கு இப்போது ஒரு கையும் படிக்க வரவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் கோபமாக இருக்கிறாளா, களைத்திருக்கிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவள் தோளைத் தொட்டால் அது நிஜமா, சும்மாவா என்று யோசிக்கிறான். யோசித்துப் பயந்து, ஒன்றும் கேட்காமல் தட்டைக் கழுவுகிறான்.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில், ஆற்றுக்கு அப்பால் ஆலைக்கழிவு கொட்டிய மேட்டின் உச்சியில், சாம்பல் நிற மேல்கோட்டு போட்ட ஒருவர் முக்காலியில் கேமராவை நிறுத்தி ஊரைப் படம்பிடிப்பது தெரிந்தது. எமில் ஒருமுறை ஏறிப்போய்ப் பார்த்தான். பனியில் முக்காலியின் மூன்று குழிகள் இருந்தன, காலடித் தடம் இல்லை. மறுவருடம் அவர் ஆற்றங்கரைக்கு வந்திருந்தார். அதற்கு அடுத்த வருடம் பாலத்தின் அந்தப் பக்கம். இப்போது பாலத்தின் இந்தப் பக்கம் நிற்கிறார். போகிற வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை, அதற்குக் கையை உயர்த்த வேண்டியிருக்கிறதே.

அதனால் ஊர்க்காரர்கள் வெளியே போகும்போது கைகளைச் சும்மா விடுவதில்லை. ஒருவர் கைக்குள் இருக்கிற கை எந்தச் சைகையும் காட்ட முடியாது. ஞாயிறு மதியம் லோகஸ்ட் தெருவில் இறங்கினால் கிழவர்கள், கடைக்காரர்கள், ஜென்மப் பகையாளிகள் எல்லோரும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக் கிளப்புக்குப் போவதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து, எவ்வளவு பாசமான ஊர் என்று சொல்லிப்போகிறார்கள். லொரெயின் நீலக் குல்லாயோடு நடக்கிறாள். எமில் அவளுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு, பாலத்துக்கு முதுகைக் காட்டியபடி, பக்கவாட்டில் நண்டுபோல் நடக்கிறான். விரல்கள் வெளுக்கும்வரை பிடிக்கிறான். அவளுக்கு வலிக்கும். விடு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.