தண்ணீர் தெளிக்க முடியாத தீட்டு

"அங்கியே நில்லு. சாமியாண்ட போவாத."

கையில் கரண்டியோடு மங்கம்மா பூஜை அலமாரிக்குக் குறுக்கே நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், நேற்று சரஸ்வதி பூஜைக்கு வைத்த லேப்டாப் சந்தனமும் குங்குமமுமாகப் பொரிகடலைக்கு நடுவில் கொலுவிருந்தது. விஜயதசமியான இன்று விடிகாலையில்தான் மகள் கார்குழலி வீட்டுக்குத் தூரமாகியிருந்தாள்.

அந்த வாரமே அவளுக்குச் சரியில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம். திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டு, செவ்வாய்க்கிழமை வைவா. நடுவில் லேபில் ஆயுத பூஜைக் கொண்டாட்டம். கோலம் போடுவது பெண்கள் வேலை, பூசணிக்காய் உடைத்துக் கைதட்டல் வாங்குவது பையன்கள் வேலை. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நகரும்வரை வெயிலில் காய்ந்து வீடு வந்தால், லேப்டாப் தம்பி பாரியின் மடியில் இருக்கும். கல்லூரியில் அவள் பெயருக்கு அரசாங்கம் கொடுத்தது அது. ஆனால் ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் பெண்ணின் பெயரை யார் பார்க்கிறார்கள்? பாலிடெக்னிக்கில் அரியர்களை அடுக்கி வைத்திருக்கும் பாரி, துப்பாக்கி விளையாட்டு ஆடி அலுத்த பிறகுதான் அவள் முறை வரும். நேற்று அதுவும் இல்லை. பூஜையன்று படித்தால் படிப்புக்கே ஆகாதாம்.

இன்று பத்து மணிக்கு இன்டர்ன்ஷிப் தேர்வு. பெங்களூர்க் கம்பெனிக்கு ஏது பண்டிகை? இதை விட்டால் இந்த வருடம் வேறு வாய்ப்பு இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். போனில் எழுத முடியாது. லேப் பூட்டிக் கிடந்தது. தோழி நவ்ரீனும் அதே நேரத்தில் தன் லேப்டாப்பில் அதே தேர்வைத்தான் எழுதுகிறாள்.

"எம்மா, டெஸ்ட்டுக்கு நேரமாவுது. வழி வுடு."

"மூணு நாளு போவட்டும், தலைக்கு ஊத்திகினு தொடு. அதுல சரஸ்வதி குந்திகினு கீறா." மங்கம்மா திரும்பி மகனைக் கூப்பிட்டாள். "டேய் பாரி, நல்ல நாளு. நீ எட்து ரெண்டு எழுத்து படிடா."

பாரி எடுத்தான். இரண்டு எழுத்துக்கு முன்னால் துப்பாக்கிச் சத்தம்தான் கேட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கார்குழலிக்கு வயிற்று வலியை மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"இறால் ஷெட்டுல இந்த மூணு நாளும் உன்னிய குந்த வெச்சா கூலி குடுக்குறாங்க?"

காசிமேட்டு ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரிக்கிறவள் மங்கம்மா. எந்த மாதமும், எந்த நாளும், வீட்டில் நின்றதில்லை.

"அது தொழிலு," என்றாள்.

"இதுவும் தொழிலுதாம்மா."

கார்குழலி நேராகப் போய்ப் பாரியின் மடியிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். தடுக்க வேண்டுமானால் அவளைத் தொட வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக அவளை யார் தொடுவார்கள்? பாரிதான் பதறி விலகினான்.

அவள் சுவரோரம் உட்கார்ந்து எழுதினாள். கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி நிற்க, நேரம் முடிந்தது. மற்றதெல்லாம் நன்றாகவே வந்திருந்தது.

"முட்ச்சிட்டல்லக்கா? குடு," என்று பாரி கை நீட்டினான்.

"தொடாதடா, தீட்டு," என்று மங்கம்மா சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்தாள். "கீழ வெய்யி. தெளிச்சிட்டு அவன்கைல தரேன்."

"தெளி. தண்ணி பட்டா செத்துரும்."

"ஆமாம்மா, தெளிக்காத," என்றான் பாரி அவசரமாக.

மங்கம்மா சொம்பையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெளிக்காங்காட்டி தீட்டு எப்டிடி போவும்?"

"போவாது."

"அப்ப இவன் எப்டி தொடுவான்?"

"தொட வேணாம். மூணு நாளு கழிச்சும் வேணாம், எப்பவும் வேணாம். தீட்டு பட்ட சாமான் ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு? நானே வெச்சிக்கிறேன்."

பாரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். மங்கம்மா சொம்பைக் கீழே வைத்தாள். சாத்திரம் முழுக்க அவளுடையதுதான். கார்குழலி மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்கவில்லை. தேர்வு முடிந்துவிட்டாலும், விட்டுப்போன கடைசிக் கேள்விக்குத் தனக்காக விடை எழுத ஆரம்பித்தாள்.