பெட்டிக்கு ஒரு மேக்பை

மேக்பையை நான்தான் செதுக்கினேன். எங்கள் கம்பெனியின் 'அயர்ன் ரிட்ஜ்' பொம்மைப் படையில் இருந்த ஒரே பெண் சிப்பாய் அவள். கண்ணிவெடி எடுப்பவள். முழங்காலில் ஒரு கிழிசல், கையில் கம்பி வெட்டும் இடுக்கி. உதட்டுச் சாயம் பூசச் சொன்னார்கள். சண்டை போட்டுத் தடுத்தேன்.

அந்த அக்டோபர் கூட்டத்தில் விற்பனைத் தலைவர் வால்ட் பெட்ரார்க்கா, அடுத்த வருட வரிசையில் அவள் இல்லை என்று சொல்லிவிட்டு டோனட்டைக் காபியில் முக்கினார். மற்ற வீரர்கள் விற்றதில் கால்வாசிகூட அவள் விற்கவில்லையாம். பையன்கள் பெண் பொம்மையைத் தொட மாட்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குப் போகும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் கமாண்டர் நான்கு, பனிச்சறுக்கு வீரன் மூன்று என்று அடுக்குவார்கள். மேக்பை மட்டும் ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்தால் ஒன்றுதானே விற்கும்? இதை எத்தனை விதமாகச் சொல்லியும் வால்ட் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை ப்ராவிடன்ஸ் நகரில் ஒரு பெரிய பொம்மைக் கடைக்கே போய்ப் பார்த்தேன். கமாண்டர்கள் கொக்கியில் தூசி படிந்து தொங்கினார்கள். மேக்பை இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றே போய்விடுவாள் என்றாள் கடையில் அடுக்கிக்கொண்டிருந்த பெண். திங்களன்று ஓடிப்போய் வால்ட்டிடம் சொன்னேன்.

"ஒரு கடையப் பாத்துட்டு நான் ஃபேக்டரிய ஓட்ட முடியாதும்மா," என்றார்.

அதோடு விடவில்லை. உடம்பு அச்சு வீணாகக் கூடாது, தலையை மட்டும் மாற்றி ஆணாக்கிவிடு என்றார். மீசையும் வேண்டுமாம். வேலையை விட்டுப் போகவும் வழியில்லை. மெழுகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முடியையும் திட்டிக்கொண்டே கீறினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வால்ட் கோட்டில் பனியோடு என் அறைக்கு வந்தார். விளக்கின் அடியில் நின்ற என் மேக்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மகன் இந்த வருடம் அவளைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறானாம்.

"லொரெய்ன், அதக் குடுத்துடேன். ஊரெல்லாம் சுத்திட்டேன், எந்தக் கடையிலயும் கெடைக்கல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன்.

"ஏன் கெடைக்கல, வால்ட்?"

"அதான் அப்பவே சொன்னேனே, இது விக்காதுன்னு. கடைக்காரங்களே இத வாங்கி வைக்கறதில்ல."

அந்தப் பையனுக்காகத்தான் கொடுத்தேன். வால்ட் அவளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் மெழுகுத் தலையை மேசையில் ஓங்கி அறைந்தேன். மீசை நசுங்கியது.

அதையும் மறுபடி நான்தான் செதுக்கினேன்.