நாற்காலித் தாள்

"சொல்லிட்டுப் போனா ஒரு குத்தம், சொல்லாமப் போனா..." என்று இசக்கியப்பனின் தாய்மாமன் கல்யாணப் பந்திகளில் சொல்வார். மீதிப் பாதி, அவன் ராட்டர்டாமில் கழித்த இருபத்திரண்டு வருடத்தில் நினைவிலிருந்து எங்கோ நழுவிவிட்டது.

தூத்துக்குடிக்குத் திரும்பியவன், கடலின் ஆழத்தை வரைபடமாக்கும் தன் பழைய அலுவலகத்திலேயே மறுபடி சேர்ந்தான். இப்போது அங்கே ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு தாள் தொங்கியது. அதில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதியிருக்கும். தாளுக்கு மாறாகப் பேசிய பேச்சு போய்ச் சேராது, பாதி வழியில் தரையில் விழுந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு முத்துக்கனி அதைப் பென்சில் தூளோடு கூட்டி அள்ளுவாள்.

கிடங்குக்காரர் பொன்னுத்துரையின் தாளில், "கேள்வி கேட்க வேண்டாம். தப்பாக ஏதாவது சொல்லவும், திருத்துகிறேன்" என்றிருந்தது. மை வேண்டியவர்கள் அவரிடம் போய், "அண்ணாச்சி, நம்மகிட்ட மையே கிடையாதுல்லா" என்பார்கள். "எவன் சொன்னான்?" என்று அவர் இரண்டு புட்டி எடுத்து வைப்பார். அலுவலர் ஹமீதா மேடத்திடம் கெட்ட செய்தியை நின்றுகொண்டும் நல்ல செய்தியை உட்கார்ந்துகொண்டும் சொல்ல வேண்டும்.

இருந்ததிலேயே பழைய தாள் ரெமிஜியுஸுடையது. பழுத்துப் போயிருந்தது. ஒரே வரி: "விளக்கம் சொல்ல வேண்டாம்." கீழே இருந்த தேதி, இசக்கியப்பன் ஊரை விட்டுப் போனதற்கு மறுநாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஆளுக்கொன்று எழுதி மாட்டிக்கொண்டார்களாம்.

அதற்கு முன்பு இருவருக்கும் ஒரே மேசை. படகிலிருந்து வந்த குறிப்பேட்டைப் பார்த்து இசக்கியப்பன் ஆழத்தை வாசிப்பான், ரெமிஜியுஸ் படத்தில் எண்ணைப் போடுவான்.

"பதினொன்னு புள்ளி நாலு."

"போட்டாச்சு மக்கா."

"பன்னெண்டு."

"போட்டாச்சு."

நாள் முழுக்க அவ்வளவுதான் பேச்சு. படி எடுக்கும் இயந்திரத்தின் அம்மோனியா வாடையில் ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்து கலக்கும். ரெமிஜியுஸ் "மக்கா" என்கிற விதத்தை வைத்தே அவன் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். அப்படி ஒருநாள் பதினாலரை ஆழம் வாசித்துவிட்டு, "நீ டீக்கடைக்குப் போயிரு, பின்னாலேயே வாரேன்" என்று சொல்லி எழுந்து போனவன்தான் இசக்கியப்பன். பையில் விசா இருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர் ஒரு மாதத்துக்குள் தாள் மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி கிடங்குக்குப் போய்விடும், அதில் உட்கார்ந்திருப்பவரும். இசக்கியப்பனுக்கு இது தெரிந்த வேலை. ராட்டர்டாமில் புதியவர்கள் வரும்போதெல்லாம் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, தன்னோடு எப்படி வேலை செய்வது என்று அரைமணி நேரம் சொல்வான். ஆங்கிலத்தில் அது மனப்பாடம். அப்படியே தமிழில் எழுதினான்: "நேரடியாகச் சொல்லுங்கள். எழுத்தில் அனுப்பினால் நல்லது. பதில் வராவிட்டால் கோபம் என்று எண்ண வேண்டாம்."

ஹமீதா மேடம் படித்தார். "தாளு நல்லாத்தான் இருக்கு. ஆளைத்தான் காணோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவன் தாளைவிட ரெமிஜியுஸைப் பற்றித்தான் அதிகம் யோசித்தான். ஊருக்குத் திரும்பியதே அவனிடம் ஒன்றைச் சொல்லத்தான். தினமும் அவன் மேசைப் பக்கம் போனான். "சொல்லிருந்தா நீ அழுதிருப்ப, நான் போயிருக்க மாட்டேன்" என்றான் ஒருநாள். "எழுத உக்காந்தேன், முதல் வரியே வரல" என்றான் இன்னொரு நாள். எல்லாம் ரெமிஜியுஸின் காலடியில் விழுந்தன. ரெமிஜியுஸ் அவற்றை மிதித்துவிடாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்களைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, உங்க பக்கம் மட்டும் தினம் ரெண்டு முறம் சேருது" என்றாள் முத்துக்கனி. "கொஞ்சமாப் பேசக்கூடாதா?"

"கொஞ்சமாத்தானம்மா பேசுதேன்."

"அப்ப கனமாப் பேசுதீய."

மாதக் கடைசி நாள் பொன்னுத்துரை கிடங்கில் இடம் ஒழித்து, ஒருவர் உட்காரும் அளவுக்குத் துடைத்தும் வைத்துவிட்டார். இசக்கியப்பன் மேடம் திருப்பிக் கொடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான்: "ரெமிஜியுஸ் என்னை ஏசலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். நடுவில் நான் பேச மாட்டேன்."

ஹமீதா மேடம் முத்திரை குத்தினார்.

ரெமிஜியுஸ் எழுந்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தான். பிறகு தன் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஏலே, ரெண்டு டீ சொல்லிருந்தேம்ல" என்று ஆரம்பித்தான். "உனக்குச் சீனி கம்மியா. மேல ஆடை கட்டுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைக்காரரு கேக்காரு, எங்கல உன் சோடின்னு. வருவான்னேன். மானங்கெட்ட பயலே, வருவான்னு சொன்னேம்ல!"

ஒரு சொல்கூடக் கீழே விழாமல் அத்தனையும் இசக்கியப்பனிடம் வந்து சேர்ந்தது. அன்று முத்துக்கனிக்குக் கூட்டுவதற்குப் பென்சில் தூள் மட்டும்தான் இருந்தது.

ஐந்து மணிக்கும் ரெமிஜியுஸின் ஏச்சு அந்த டீக்கடையைத் தாண்டவில்லை. ஹமீதா மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"இந்த வேகத்துல பதினாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வேற வேலை பாக்க முடியாது. கடலை இப்ப இருக்கிற ஆழத்துலயே நிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன்."

கடலின் சம்மதக் கடிதம் மறுநாள் தபாலில் வந்தது. ஓரம் மட்டும் நனைந்திருந்தது. கீழே இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ரெமிஜியுஸ் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினான்.

இசக்கியப்பன் பதினாலு வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டான்.