மாப்பிள்ளை மாறிய மூன்று வாரங்கள்

அந்த எலும்பு ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்து ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் 'படுங்கம்மா'. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை "படுங்கம்மா, கையைத் தளர்த்துங்கம்மா, அசையாதீங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி வாய் அப்படியே பழகிவிட்டது. மீசை வைத்த ஆசாமி வந்து நின்றாலும் சில நாள் 'படுங்கம்மா'தான் வரும். அவரும் மறுபேச்சில்லாமல் படுத்துக்கொள்வார்.

மனிதர்கள் படுப்பதற்கு முன்னால் அந்தக் கட்டிலில் தினமும் ஒருவர் படுத்தாக வேண்டும். கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் கட்டி. உள்ளே வரிசையாக நான்கு போலி முதுகெலும்புகள். அதன் அடர்த்தி என்றைக்கும் மாறாது. ஆகவே முதலில் அதைப் படமெடுத்துப் பார்ப்பார்கள். நேற்றைய எண்ணே இன்றும் வந்தால் இயந்திரம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். தினமும் முதல் மரியாதை வாங்கிக்கொண்டு, வேலை எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருப்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். மாடியில் குழந்தைகளுக்கென்று இருந்த இன்னொரு இயந்திரத்துக்கும் இதே போல ஒரு கட்டி உண்டு. அது 'சகலை'. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சகலையின் அடர்த்தி மாப்பிள்ளையைவிடக் கொஞ்சம் குறைவு. அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

அந்த நிலையத்தில் ஒரே ஆட்களை வருடாவருடம் வரவழைத்து அளந்துகொண்டிருந்தார்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு எப்படிச் சேர்கிறது என்பது மாடி வேலை. வயதானவர்களுக்கு எப்படிக் கரைகிறது, கரையாமல் எப்படித் தடுப்பது என்பது கீழ்த்தளத்து வேலை. கீழே ஒரு கூட்டத்துக்கு, தாழ்வான பலகை மேல் ஏறி நின்று தினம் நாற்பது தடவை கீழே குதிக்க வேண்டும் என்று பயிற்சி. குதிக்கிற அதிர்ச்சியில் எலும்பு உஷாராகுமா என்று பார்ப்பது பெரிய டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

அந்தக் கூட்டத்தில் படுங்கம்மாவின் அக்காவும் ஒருத்தி. வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடம் சைக்கிளில் வீடுவீடாகத் தபால் கொடுத்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு படி தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மெலிந்துவிட்டது என்று சொல்லி, தபால் பிரிக்கிற உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல்கூட இல்லாத அறை. அன்றிலிருந்து அக்கா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு நாள் விடாமல் குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் மூன்று தடவை மேலே வந்து சண்டை போட்டுவிட்டு, நான்காவது தடவை நாற்பது ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சென்ற வாரம் அக்காவுக்கு வருடாந்திர ஸ்கேன். எண் மூன்று சதவீதம் ஏறியிருந்தது. முடிவை டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். படுங்கம்மாவுக்கு வாய் நிற்குமா? அன்று சாப்பாட்டு மேசையிலேயே போட்டு உடைத்துவிட்டாள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாளே அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்தில் நீட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து பழைய சைக்கிள், பழைய தெருக்கள் என்று உத்தரவும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாடியிலிருந்து மிட்டாய் அண்ணன் இறங்கி வந்தார். குழந்தைகளை அசையாமல் படுக்க வைக்க மிட்டாய் கொடுத்துக் கொடுத்து அந்தப் பெயர் வாங்கியவர். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னண்ணே, யாராவது பல்லால கடிச்சிட்டாங்களா?"

"அதெல்லாம் பழகிப்போச்சு. என் பிள்ளைங்க யாரும் வளரலம்மா. மூணு வாரமா வர்ற ஒருத்தனுக்கும் எலும்பு ஏறலை. உயரம் ஏறியிருக்கு, சட்டை பத்தல. எலும்பு மட்டும் அப்படியே நிக்குது. சிலதுக்கு இறங்கியே இருக்கு."

"இங்க எல்லாருக்கும் ஏறியிருக்கே" என்று பெருமையாகச் சொல்லத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பெரியவர்கள் வளர்கிறார்கள், பிள்ளைகள் தேய்கிறார்கள். மூன்று வாரமாக. மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். மாப்பிள்ளையையும் சகலையையும் தூசி படாமல் ஒரே பையில் சுற்றி அலமாரியில் வைத்தவள் அவள். வேலை முடிந்ததும் எடுத்து ஒன்றைத் தன் கட்டிலில் வைத்துவிட்டு மற்றொன்றை மாடிக்கு அனுப்பியவளும் அவள்தான். மறுநாள் இரண்டு இயந்திரமுமே தப்பான எண் காட்டின. பெயின்ட்காரர்கள் நகர்த்தியதில் ஆட்டம் கண்டிருக்கும் என்று சொல்லி, வந்திருந்த இன்ஜினியர் கட்டிக்கு ஏற்றபடி இரண்டையும் திருகிச் சரிசெய்துவிட்டுப் போனார். கீழே மூன்று சதவீதம் கூட்டி, மேலே மூன்று சதவீதம் குறைத்து.

படுங்கம்மா கட்டில் பக்கம் ஓடினாள். கட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சகலையின் எண் இருந்தது.

மிட்டாய் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அட. அப்ப மேல என்கிட்ட இருக்கிறது மாப்பிள்ளையா?"

"ஆமாண்ணே."

"மூணு வாரமா சகலை வீட்டுலயே தங்கிட்டாரா" என்று சிரிக்கப் பார்த்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். பையிலிருந்து ஒரு மிட்டாயும் கொடுத்தார். அவளும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வேறென்ன செய்வது?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். இரண்டு கட்டிகளையும் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிடலாம். ஆனால் இல்லாத எலும்பை நம்பி அக்கா திங்கட்கிழமை சைக்கிள் ஏறுவாள். அந்தத் தெருக்களில் நாய் உண்டு, மேடுபள்ளம் உண்டு. இன்னொரு தடவை விழுந்தால் மணிக்கட்டோடு போகாது. இடுப்பெலும்பு முறிந்தவர்கள் அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

டாக்டரம்மா மூன்று வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் பெரிய கூட்டத்தில் தன் குதிப்புப் பயிற்சியைப் பற்றிப் பேசப் போகிறவர். படுங்கம்மா இரண்டு கட்டிகளையும் அவர் மேசையில் வைத்துவிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் உளறியதையும் சேர்த்து. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"உன் மேல மட்டும் பழி போட முடியாது. வருஷத்துக்கு ஒண்ணு ஏறினாலே அதிசயம், எல்லாருக்கும் மூணு எப்படி ஏறும்னு நான் கேட்டிருக்கணும். நல்ல சேதியா இருந்தா யாரும் கவுத்துப் பாக்கறதில்ல." பிறகு குரல் கண்டிப்பானது. "நம்பரை வெளிய சொன்னதுக்கு எழுத்துல விளக்கம் கொடு. இன்ஜினியரை இப்பவே வரச் சொல்லு. உங்கக்காவை நாளைக்குக் கூட்டிட்டு வா."

அக்காவிடம் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வீட்டுக்குப் போனபோது அக்கா கீழே முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் தலை நிமிராமல் கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சக்கரம் நன்றாகத்தான் சுற்றியது.

"பிளாஸ்டிக் கட்டி மாறிப்போச்சுன்னு நான் ஆபீஸ்ல போய்ச் சொல்லணுமா?"

"நானும் வரேன்க்கா."

"ஒண்ணும் வேணாம்" என்று மாடியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தொம் தொம் என்று குதிக்கும் சத்தம் கேட்டது. படுங்கம்மா வெளியே நின்று எண்ணினாள். அன்றைக்கும் நாற்பதுதான்.

சனிக்கிழமை இயந்திரம் பழைய நிலைக்கு வந்திருந்தது. இந்தத் தடவை நிஜ மாப்பிள்ளையே முதலில் படுத்து எழுந்தார். பிறகு அக்கா படுத்தாள். "படுங்கம்மா" என்று சொல்ல வரவில்லை, "படுக்கா" என்றாள். திரையில் எண் வந்தது. தனக்குத் தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருக்க அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மாதான் வந்து சொன்னார்.

"ஏறலை. போன வருஷம் என்னவோ அதேதான்."

அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "அப்ப இவ்வளவு குதிச்சதும் வீணா?"

"உங்க வயசுல, சும்மா இருந்தா வருஷத்துக்கு ஒண்ணு ஒண்ணரை இறங்கும். உங்களுக்கு இறங்கலை. பயிற்சியினாலதான்னு ஒருத்தரை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, எல்லாரையும் கணக்குப் பாக்கணும். ஆனா நீங்க இழக்கலை. அது நிஜம். சைக்கிள் மட்டும் இப்ப வேணாம்."

"நடக்கலாமா?"

"தாராளமா நடங்க."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நடந்தே போற லைன் ஒண்ணு இருக்கு. மேட்டுத் தெரு. ஏறி இறங்கணும்னு யாரும் எடுக்க மாட்டாங்க. திங்கக்கிழமை அதைக் கேக்கறேன்." பிறகு தங்கையிடம் திரும்பினாள். "எனக்கு அந்தச் சைக்கிள் வேணும்டி. அது உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா" என்றவள் அழுதேவிட்டாள்.

"சரி, அழாத. அடுத்த தடவை குறைஞ்சாலும் நிஜத்தையே சொல்லு." அக்கா கைப்பையைத் துழாவிச் சிவப்பு நகப்பூச்சுப் புட்டியை எடுத்தாள். மேசையிலிருந்த மாப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, முறிந்து சேர்ந்த வலது கையாலேயே, நாக்கைக் கடித்துக்கொண்டு அதன் நெற்றியில் எழுதினாள். நிலையத்தின் சாமானில் இப்படிக் கிறுக்கக் கூடாது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே வெகு அக்கறையாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் தினம் காலையில் படுங்கம்மா அந்தக் கட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்து எண்ணைச் சரிபார்க்கிறாள். பிறகு நிமிர்த்தி, சிவப்பில் கொஞ்சம் நடுங்கி ஓடும் அக்காவின் கையெழுத்தை வாசிக்கிறாள்: 'கீழ்த்தளம். மேலே தரக்கூடாது.' தபால்காரியின் எழுத்து. விலாசம் தவறவே தவறாது.